பாடசாலையா, வீடா, பக்கத்துத் தெருவிலுள்ள சிறிய பள்ளிக்கூடமா?

வருகிற கல்வியாண்டில் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் எங்கே படிக்கவைப்பது என்பதை இந்த மாதம் முடிவதற்குள் நாங்கள் தீர்மானித்தாக வேண்டும். மகளுக்கு ஏழு வயது. திருகோணமலை நகரத்திலுள்ள பெரிய பாடசாலையொன்றில் தரம் 1ஐ முடித்தபின், தரம் 2க்குரிய ஆண்டை முழுவதுமாக வீட்டிலேயே படித்தாள். மகனுக்கு வருகிற ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியாவதால் தரம் 1இல் சேரும் தகுதி அவனுக்கு வந்துவிட்டது. அவனும் முன்பள்ளிக்குப் போகாமல் அக்காவோடு இந்த ஆண்டு வீட்டிலேயே இருந்தான். உப்புவெளியில் இருக்கிறோம். கணவர் தொழிற்சாலையொன்றில் முறை மாறி வரும் வேலை பார்க்கிறார். நான் இரண்டு கடைகளுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கெழுதிக் கொடுக்கிறேன். என் அம்மா எங்களோடு இருக்கிறார். இந்த விவரங்களை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இத்தகைய ஒரு வீட்டுக்குப் பொருந்துவதேயன்றி எல்லா வீட்டுக்கும் பொருந்துவதல்ல என்பதுதான்.

வீட்டுக்கல்வியை ஆதரிப்பவர்கள், பாடசாலை பிள்ளையின் நாள் முழுவதையும் விழுங்கிவிடுகிறது என்ற கணக்கிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் நமது அரச பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. தரம் 1, 2 பிள்ளைகளுக்குப் பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி முற்பகல் 11.30 அளவில் முடிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் தரம் 1இல் மகளின் நாள் விடியற்காலை 5.15க்குத் தொடங்கி இரவு எட்டு மணிக்குத்தான் முடிந்தது. வான் 6.20க்கு வரும், வேறு இரண்டு பாடசாலைகளின் பிள்ளைகளையும் ஏற்றி இறக்கிக்கொண்டு திரும்புவதற்குள் மதியம் ஒரு மணியாகிவிடும். கிழமையில் மூன்று நாட்கள் பின்னேரம் 2.30 முதல் 4.30 வரை ரியூசன். அதற்குமேல் பாடசாலையின் வீட்டுவேலையும் ரியூசனின் வீட்டுவேலையும் வேறு. பிள்ளையைக் களைப்படையச் செய்தவை, அந்த நான்கு மணித்தியாலப் பாடசாலைக்கு முன்னும் பின்னும் நாங்களாகவே கட்டிவிட்ட வானும் ரியூசனும் என்பதை, பாடசாலையை நிறுத்திப் பல மாதங்கள் கடந்த பின்னரே விளங்கிக்கொண்டேன். இதை முன்பே விளங்கிக்கொண்டிருந்தால் இந்த ஆண்டு வேறு விதமாக நடந்திருக்கலாம்.

எங்கள் முன்னால் இப்போதிருக்கும் வழிகள் ஐந்து. நகரப் பாடசாலையும் ரியூசனும் என்ற பழைய முறைக்குத் திரும்புவது முதலாவது. வீட்டிலேயே அரச பாடத்திட்டத்தைத் தொடர்வது இரண்டாவது. வெளிநாட்டுப் பாடத்திட்டமொன்றை இணையவழியில் வாங்கிப் படிப்பிப்பது மூன்றாவது. ஆங்கில மொழிமூலச் சர்வதேசப் பாடசாலை நான்காவது. வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் இருக்கும் சிறிய அரச பாடசாலையில், ரியூசன் எதுவும் இல்லாமல் சேர்ப்பது ஐந்தாவது. கடைசி வழி கடந்த ஆண்டு எங்கள் நினைவிலேயே வரவில்லை. அந்தப் பாடசாலை எங்கள் தெரு முடிவில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனெனில் உறவினர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். 1997ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட கட்டாயப் பாடசாலை வரவு ஒழுங்குவிதிகள் 5 வயது முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கின. 2016இல் அந்த மேல்வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளையின் கல்விக்குப் பெற்றோர் பொறுப்பு என்பதும், பாடசாலைக்கு அனுப்பாவிட்டால் அதற்கு ஈடான தகுந்த ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும் என்பதுமே அவற்றின் அடிப்படை. எனவே பிள்ளையைப் பேசாமல் நிறுத்திவிட்டு வீட்டில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனமல்ல. பாடசாலையில் முறைப்படி விடுகைப் பத்திரம் பெற்று, நாங்கள் எதை எப்படிப் படிப்பிக்கப் போகிறோம் என்று இரண்டு பக்கத்தில் எழுதி, அதன் ஒரு பிரதியை வலயக் கல்வி அலுவலகத்திலும் இன்னொன்றைக் கிராம உத்தியோகத்தரிடமும் கொடுத்தோம். மே மாதத்தில், பாடசாலை செல்லாப் பிள்ளைகளின் பட்டியலோடு இருவர் வீட்டுக்கு வந்தபோது, திகதி வாரியாக அடுக்கி வைத்திருந்த கொப்பிகளைக் காட்ட முடிந்தது. மரியாதையாகப் பார்த்துவிட்டு, "எப்ப திரும்பச் சேர்ப்பீங்கள், அம்மா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி சட்டத்தை விடப் பெரியது என்பதை அப்போது நான் உணரவில்லை.

திரும்பிச் செல்லும் வாசல் எங்கே அகலமாக இருக்கிறது, எங்கே ஒடுங்குகிறது என்பதுதான் அதில் அடங்கியிருந்த விடயம். தரம் 1 அனுமதிக்கு முந்திய ஆண்டின் நடுப்பகுதியில் விண்ணப்பம் கோரப்படுகிறது; வதிவிடம், பழைய மாணவரின் பிள்ளை, ஏற்கெனவே படிக்கும் சகோதரர் என்று வகை பிரித்துப் புள்ளியிட்டு எடுக்கிறார்கள். அதைத் தவறவிட்டால், இடைத்தரங்களில் வெற்றிடம் இருந்தால்தான் இடம். பெரிய பாடசாலைகளில் வெற்றிடம் என்பது யாராவது இடமாற்றத்தில் ஊரைவிட்டுப் போனால் வருவது. பெரிய பாடசாலைகளில் இடமும் உதவித்தொகையும் பெற வழிசெய்யும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகள் பாடசாலை மூலமாகவே தோற்றுகிறார்கள். பதினாறு வயதளவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு மாத்திரம் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கும் வழி அகலமாகத் திறந்திருக்கிறது. ஆகவே வீட்டுக்கல்வியில் இறங்கும் குடும்பம் ஏழு வயதுப் பிள்ளைக்கு எடுக்கும் முடிவு, பதினாறு வயதுவரை எந்தெந்த இடத்தில் திரும்பலாம் என்பதையும் சேர்த்தே எடுக்கப்படும் முடிவாகும். இதனால்தான் மகனை வீட்டில் வைத்திருக்கும் எண்ணம் பலமாக இருந்த நாட்களிலும் அவனுடைய தரம் 1 விண்ணப்பங்களை நிரப்பி அனுப்பினோம். படிவத்துக்கு ஆகும் செலவு பதிவுத் தபாலின் செலவு மாத்திரமே.

இனி, நாங்கள் உண்மையில் நடத்திப் பார்த்த வழியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாடத்திட்டம் ஒரு பிரச்சினையே அல்ல. 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம் தரம் 1, 2ஐ முதலாம் முதன்மை நிலை என்று ஒன்றாகக் கட்டி, தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற நான்கு பாடங்களையும் செயற்பாடாகக் கற்கும் வாய்மொழி ஆங்கிலத்தையும் வைத்தது. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்தும், ஆசிரியர் வழிகாட்டிகளை மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்திலிருந்தும் இலவசமாகப் பதிவிறக்கலாம். இதில் பலர் அறியாதது ஆசிரியர் வழிகாட்டியின் பெறுமதி. பாடநூல் பிள்ளைக்கு என்ன காட்டுவது என்று சொல்கிறது. வழிகாட்டியோ பிள்ளை எதைச் செய்யத் தெரிந்திருந்தால் போதும் என்று சொல்கிறது. அத்தியாவசிய கற்றல் தேர்ச்சிகளின் பட்டியலை நான் முதன்முதலாக வாசித்தபோது, தரம் 2 பிள்ளையிடம் அரசாங்கம் எதிர்பார்ப்பதற்கும் ரியூசனில் அவளிடம் எதிர்பார்க்கப்பட்டதற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு தரங்கள் வித்தியாசம் இருப்பதைக் கண்டேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை பாடசாலையைத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தோம். சுவரில் நேரசூசி, நாற்பது நிமிடத்துக்கு ஒரு பாடம், கரும்பலகை, தேவாரம் பாடித் தொடங்குதல். மூன்றாவது கிழமையே மகள், "நீங்க அம்மாவா இருக்கிறீங்களா, ரீச்சரா இருக்கிறீங்களா?" என்று கேட்டாள். நாற்பது பிள்ளைகளுக்காக வகுத்த நேரம் இரண்டு பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வகுப்பில் கொப்பி கொடுத்து, வரிசையில் நின்று திருத்தி, சத்தத்தை அடக்கிப் போகும் நேரமெல்லாம் வீட்டில் இல்லை. இருபது நிமிடத்தில் முடிகிற பாடத்தை நாற்பது நிமிடத்துக்கு இழுத்தால் பிள்ளை பாடத்தை வெறுக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு நேரசூசியைக் கழற்றிவிட்டோம். காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை வாசிப்பும் எழுத்தும் கணக்கும், அதற்குப்பின் வெளியே. தரம் 2 அளவுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் உண்மையாக உட்கார்ந்தால் தாராளமாகப் போதுமென்பது எங்கள் அனுபவம்.

வெளியே என்பதில் திருகோணமலை எங்களுக்குக் கைகொடுத்தது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் ஆறிய நீரிலிருந்து சூடான நீர் வரை வரிசைப்படுத்தச் சொன்னபோது, மகள் வாளியில் அள்ளிக் கையை நனைத்து, இரண்டு கிணறுகள் ஒரே சூடா வேறு சூடா என்று தம்பியோடு வாதிட்டு, கடைசியில் வீட்டிலிருந்து வெப்பமானி கொண்டுவராததற்கு என்னைக் குறை சொன்னாள். ஒழுங்குபடுத்தல், ஒப்பிடல், அளவீட்டின் தேவை என்ற மூன்று கணிதத் தேர்ச்சிகள் அந்த ஒரு காலையில் வந்துவிட்டன. பிரட்ரிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களை எண்ணுவது எளிதான வேலை என்று நினைத்தோம். எண்ணி முடிப்பதற்குள் அவை இடம் மாறிவிடுவதால், பத்துப் பத்தாகக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளும் முறையை அவளே கண்டுபிடித்தாள். கரைவலை இழுக்கும் நாட்களில் சூடை, கீரி, பாரை மீன்கள் கிலோ என்ன விலை என்று கேட்டு எழுதி வருவாள். கிண்ணியாப் பாலத்தில் போனபோது, 2009இல் அந்தப் பாலம் திறக்கப்படும்வரை பாதையில் ஏறி அக்கரைக்குப் போன கதையை அம்மம்மா சொன்னார். பாதை என்றால் தெரு என்று மட்டுமே அறிந்திருந்த பிள்ளைகளுக்கு, வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு நீரில் மிதக்கும் ஒரு பாதை இருந்தது என்பது பெரிய அதிசயமாகிவிட்டது. கச்சான் காற்றடிக்கும் மாதங்களையும் வாடை பிறந்து மழை தொடங்கும் மாதங்களையும் கலண்டரில் நிறம் தீட்டிக் குறித்ததே சுற்றாடல் பாடத்தின் பாதியாக அமைந்தது.

இதையெல்லாம் வாசிப்பவர் வீட்டுக்கல்வியே சிறந்தது என்று நினைக்கக்கூடும். எனவே இதன் மறுபக்கத்தையும் அதே அளவு விவரமாகச் சொல்வது நியாயம்.

முதலாவது, விளையாட்டுத் துணை. மகள் பகல் முழுவதும் சும்மா இருந்தாள். அயலிலுள்ள பிள்ளைகள் மதியத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, 2.30க்கு ரியூசனுக்குப் போய்விட்டார்கள். ரியூசனிலிருந்து தப்பிய பிள்ளைக்கு விளையாட வேண்டிய பிள்ளைகள் எல்லோரும் ரியூசனில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பு மாத்திரமே அவள் சம வயதினரோடு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்த இடம். வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பத்துப் பதினைந்து ஒன்றாக இருக்கும் ஊரில் இந்தக் குறை தீரலாம். எங்கள் அயலில் நாங்கள் ஒரு வீடுதான்.

இரண்டாவது, மகன். நான்கு வயதில் அவன் குறைவாகப் பேசினான். அவனுக்காக அக்கா பேசினாள். அவன் கையை நீட்டினால் போதும், "தம்பிக்குத் தண்ணி வேணுமாம்" என்பாள். வீட்டிலுள்ள எல்லோரும் அவனைச் சொல்லாமலே விளங்கிக்கொண்டதால், சொல்ல வேண்டிய தேவை அவனுக்கு ஏற்படவில்லை. ஜூலையில் மச்சாளின் வீட்டில் பத்து நாட்கள் அவளுடைய பிள்ளைகளோடு இருந்துவிட்டு வந்தவன் முழு வசனமாகப் பேசினான். ஒரே குடும்பத்தில் ஒரே வீட்டுக்கல்வி ஒரு பிள்ளைக்குப் பொருந்தி மற்றப் பிள்ளைக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது, பாடசாலை சத்தமில்லாமல் செய்துவரும் வேலைகள். தரம் 1 பிள்ளைகளுக்குப் பாடசாலையில் நடக்கும் மருத்துவப் பரிசோதனை, பற்சிகிச்சை, கண் பார்வைச் சோதனை ஆகியவை வீட்டிலிருக்கும் பிள்ளையைத் தேடி வருவதில்லை. நாமே நினைவு வைத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 1980 முதல் இலவசப் பாடநூலும் 1993 முதல் இலவசச் சீருடையும் பாடசாலை வழியாகத்தான் கிடைத்து வருகின்றன. பதிவிறக்கிய பாடநூலை நிறத்தில் அச்செடுக்க ஆன செலவைப் பார்த்த பிறகுதான் இலவசப் பாடநூல் என்ற சொல்லின் கனம் தெரிந்தது. விளையாட்டுப் போட்டியில் இல்லத்துக்காக ஓடுவது, ஒளிவிழாவிலோ வாணிவிழாவிலோ மேடையேறுவது, பிடிக்காத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகுவது ஆகியவற்றை வீட்டில் எப்படித் தருவதென்று எனக்குத் தெரியவில்லை.

நான்காவது, நான். இதை எழுதுவதற்கு ஒருவித தயக்கம் இருக்கிறது, ஆயினும் பலர் மறைப்பதும் இதைத்தான். ஒன்றரை மணித்தியாலப் பாடம் என்றால் அன்றைய நாளில் ஒன்றரை மணித்தியாலம்தான் செலவாகிறது என்று பொருளல்ல. முந்திய இரவு ஆயத்தம், இரண்டு வயதுகளுக்கும் இரண்டு வேலை, இடையில் சமையல், பின்னேரம் கடைக் கணக்கு. கணக்கெழுதும் கடைகள் மூன்றாக இருந்தன. ஜூன் மாதத்தில் ஒன்றை விட்டேன். கணவர் இரவு வேலை முடித்து வந்து பகலில் உறங்கும் நாட்களில் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் வைத்திருக்க வேண்டியிருந்ததும் கல்வியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. அம்மா இல்லாவிட்டால் இந்த ஆண்டு ஆவணி வரைகூட வந்திருக்காது.

பணக் கணக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரம் 1இல் மகளுக்கு வான் மாதம் 5,500 ரூபா, ரியூசன் 3,000 ரூபா என்று 8,500 ரூபா போனது. வீட்டுக்கல்வியில் அச்சு, வர்ணம், பயணம் எல்லாம் சேர்த்தும் சராசரி 4,000 ரூபாவைத் தாண்டவில்லை. ஆனால் நான் விட்ட ஒரு கடையின் கணக்கெழுத்துக் கூலி மாதம் 15,000 ரூபா. வீட்டுக்கல்வி மலிவானது என்று சொல்கிறவர்கள் தாயின் கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை இணையவழியில் வாங்கும் வழியை இரண்டு கிழமை இலவசமாகப் பரீட்சித்துப் பார்த்துக் கைவிட்டோம். பாடங்கள் அழகாக இருந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்குத் திரைதான் ஆசிரியர் என்றால் நான் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அப்படியானால் ஆசிரியர் யார்? 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் என் அக்காவின் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் வந்த படங்களைப் பார்த்துக் கொப்பியில் எழுதி மீண்டும் படமெடுத்து அனுப்பிய நாட்களை நான் கண்டிருக்கிறேன். 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலை நின்றபோது, மின்வெட்டில் அந்த வழியும் பாதி நாள் நின்றது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அத்தகைய பாடத்திட்டத்தில் தமிழ் இல்லை. வீட்டில் பேசும் மொழியை எழுத்தறியாமல் விட்டுவிட்டு ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கும் பிள்ளை, தரம் 3இல் தமிழ்மொழி மூலப் பாடசாலைக்குத் திரும்ப முடியாது. திரும்பும் வாசலை இவ்வளவு விரைவாக மூடிவிடும் வழி இவற்றில் வேறு இல்லை.

சர்வதேசப் பாடசாலை அதே குறையை வேறு வடிவில் கொண்டது. தமிழ் அங்கே ஒரு பாடமாக இருக்கும். மற்றவை ஆங்கிலத்தில் நடக்கும். முடிவில் கேம்பிரிட்ஜ் அல்லது எட்எக்செல் என்ற பிரித்தானியப் பரீட்சை. பெற்றோர் இருவரும் வெளிநாடு போகும் திட்டத்தோடு இருந்தால், அல்லது கட்டணத்தைப் பதினொரு ஆண்டுகளுக்குத் தயங்காமல் கட்ட முடிந்தால், அது நேர்மையான தெரிவு. எங்களுக்கு இரண்டும் இல்லை. நடுவழியில் கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளையைத் தமிழ்மொழி மூலத்துக்கு மாற்றிய ஒரு குடும்பத்தை அறிவேன். அந்தப் பிள்ளை இரண்டு ஆண்டுகள் பட்ட கஷ்டத்தைப் பார்த்த பின்னர் இதைப்பற்றி நாங்கள் நீண்ட நேரம் பேசவில்லை.

எஞ்சுவன பழைய முறையும் சிறிய பாடசாலையும்.

நகரப் பாடசாலைகளின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், நூலகம், இசைக்கருவிகள், விளையாட்டு, பழைய மாணவர் சங்கம் எல்லாம் உண்டு. நானும் கணவரும் அப்படிப்பட்ட பாடசாலைகளில் படித்தவர்கள்தாம். ஆனால் தரம் 1இல் மகளின் வகுப்பில் நாற்பதுக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள் இருந்தார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை காத்திருக்கிறது, வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒளிந்துகொள்கிறது. எவ்வளவு நல்ல ஆசிரியரானாலும் அந்த எண்ணிக்கையில் இரண்டையும் ஒரே காலையில் கவனிக்க இயலாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ரியூசன் வருகிறது என்கிறார்கள். பாதி உண்மை. மற்றப் பாதி, மற்றவர்கள் எல்லோரும் போகிறார்கள் என்ற அச்சம். ரியூசனுக்குப் போகாத பிள்ளை வகுப்பில் பின்தங்குவதற்கு ஒரு காரணம், ரியூசனில் முன்கூட்டியே படித்துவிட்டு வரும் பிள்ளைகளை வைத்து வகுப்பின் வேகம் தீர்மானிக்கப்படுவது. தரம் 3 தொடங்கினால் புலமைப்பரிசில் பெயரால் இது இன்னும் இறுகும். 200 புள்ளிகளுக்கான ஒரு பரீட்சைக்காக மூன்று ஆண்டுகளின் பின்னேரங்கள் போகும். அந்தப் பாடசாலைக்குள் இருந்துகொண்டே ரியூசனை மறுப்பது சாத்தியம்தான், ஆனால் அதற்குப் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நாள்தோறும் மனவலிமை வேண்டும்.

எங்கள் தெரு முடிவிலுள்ள பாடசாலையில் தரம் 3இல் பதினான்கு பிள்ளைகள் படிக்கிறார்கள். புதிதாகத் தொடங்கப் போகும் தரம் 1க்குப் பன்னிரண்டு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். ஊரில் வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளை வானில் ஏற்றி நகரத்துக்கு அனுப்புவதால் அங்கே மீன்பிடிக் குடும்பங்களின் பிள்ளைகளும், கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுமே பெரும்பாலும் இருக்கிறார்கள். அதனால்தான் அது எங்கள் கண்ணில் படவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் இருக்கிறது. வீட்டுக்கல்வியில் நாங்கள் தேடியவற்றை ஒரு தாளில் எழுதினோம்: பிள்ளையின் பெயரும் குணமும் தெரிந்த ஆசிரியர், விடியற்காலை வான் இல்லாத நாள், பின்னேர விளையாட்டு, கடற்கரைக்கும் கோட்டைக்கும் போக நேரம். பிறகு வீட்டுக்கல்வியில் குறைந்தவற்றை எழுதினோம்: சம வயதுத் துணை, மருத்துவப் பரிசோதனை, மேடை, என்னுடைய வேலை. இரண்டு பட்டியலையும் ஒன்றாக நிறைவேற்றும் இடம் அந்தப் பதினான்கு பிள்ளைகளின் வகுப்பறையாகத்தான் இருக்க முடியும் என்று தோன்றியது.

குறைகளைப் பார்க்காமல் இல்லை. கடந்த மாதம் இரண்டு நாட்கள் அனுமதி பெற்றுப் போய் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தேன். ஆங்கிலத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. நூலகம் என்பது ஓர் அலுமாரி. ஒரு தரத்தின் ஆசிரியர் லீவு போட்டால் இரண்டு வகுப்புகளை ஒன்றாக இருத்துகிறார்கள். வசதியுள்ள பெற்றோர் விலகியதால் அபிவிருத்திச் சங்கத்தில் பேசுவதற்கும் ஆளில்லை. ஆனால் இந்தக் குறைகள் யாவும் இந்த ஆண்டு நாங்கள் வீட்டில் செய்து பழகியவற்றால் ஈடுசெய்யக் கூடியவை. வாய்மொழி ஆங்கிலத்தை நான் தரலாம். பொதுநூலகத்துக்குக் கிழமைக்கு ஒருமுறை போகலாம். மாறாக, நகரப் பாடசாலையின் குறைகளான எண்ணிக்கை, தூரம், ரியூசன் ஓட்டம் ஆகியவற்றை வீட்டிலிருந்து எதைச் செய்தும் ஈடுசெய்ய முடியாது.

சிங்களம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று சமூகங்கள் வாழும் இந்த ஊரில் பாடசாலைகள் மொழி வாரியாகப் பிரிந்திருப்பதால், பெரிய பாடசாலையோ சிறிய பாடசாலையோ, தமிழ்ப் பிள்ளைக்கு வகுப்பறையில் சிங்களத் தோழர் கிடைப்பது அரிது. மகள் இந்த ஆண்டு கற்ற சிங்களம் முழுவதும் சந்தியிலுள்ள பலசரக்குக் கடைக்கார மாமாவிடமிருந்து வந்தது. அவர் அவளிடம் தமிழில் பேச மறுத்துவிட்டார், விளையாட்டாகத்தான். பின்னேரம் மீதமிருந்தால்தான் அந்த வகுப்புத் தொடரும்.

முடிவுக்கு வருவோம். மகனுடைய பெயர் இரண்டு பட்டியலிலும் வந்திருக்கிறது: கணவரின் பழைய பாடசாலையில் பழைய மாணவரின் பிள்ளை என்ற வகையிலும், தெரு முடிவிலுள்ள பாடசாலையில் வதிவிட அடிப்படையிலும். மகளின் பழைய பாடசாலையில் தரம் 3க்கு வெற்றிடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சிறிய பாடசாலையின் அதிபர் ஒரு மணித்தியாலம் அவளோடு பேசி, வாசிக்கவைத்து, கொப்பிகளைப் பார்த்துவிட்டுத் தரம் 3இல் சேர்க்கலாம் என்றார். நகரத்தில் கிடைத்த இடத்தை விடுவதா என்று பெரியப்பா இரண்டு முறை தொலைபேசியில் எடுத்துக் கேட்டார். கிடைக்காமல் எத்தனையோ பேர் அழுகிறார்கள் என்பது அவருடைய வாதம். அது உண்மைதான், ஆகையால் அந்த இடத்தை வைத்துக்கொண்டு கடைசி நாள்வரை இழுத்தடிக்காமல், காத்திருப்புப் பட்டியலிலுள்ள அடுத்த பிள்ளைக்குப் போகும்படி இந்தக் கிழமையே எழுத்தில் கொடுத்துவிட நினைக்கிறோம்.

இரண்டு பிள்ளைகளையும் சிறிய பாடசாலையில் சேர்க்கிறோம். தரம் 4 முடியும்வரை ரியூசன் இல்லை. ஒன்றரை மணித்தியால வீட்டு வாசிப்பைக் கிழமைக்கு மூன்று பின்னேரங்களாகக் குறைத்துத் தொடர்கிறோம். மகள் தரம் 5ஐ நெருங்கும்போது, அல்லது ஆசிரியர் வெற்றிடம் ஓர் ஆண்டுக்கு மேல் நிரப்பப்படாமல் போனால், மீண்டும் கணக்குப் பார்ப்போம். விடுகைப் பத்திரத்தின் பிரதிகளையும் இந்த ஆண்டின் கொப்பிகளையும் ஒரு பெட்டியில் போட்டு அம்மாவின் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். நேற்று மகன் சப்பாத்து வாங்க வேண்டுமென்று கேட்டான். நடந்து போகிற பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சப்பாத்துத்தான் வேண்டுமா என்று அக்கா கேட்க, ஆமாம், கட்டாயம் வேண்டும் என்று முழு வசனமாகப் பதில் சொன்னான்.